தரிசாப்பள்ளியின் சாட்சிகள்

(ஒன்றிய அளவில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கொல்லத்தில் தொடங்கப் போகிறேன். அது கேரளத்தில் இருக்கிறது, நமக்கு எப்படி உள்ளூர் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பேச்சு புதுவயலுக்கு வந்து சேரும். கொல்லத்தைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறான பதில்தான் அந்தக் காரணம்.

வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்ததை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், சர்ச்செல்லாம் இவுங்க வந்த பெறகு வந்ததுதான?” என்று கேட்டான். நானும் யோசிக்காமல் “ஆமாம்ப்பா” என்று சொல்லிவிட்டேன். நம் பகுதிப் பிள்ளைகள் அறிந்த தேவாலயங்களை நினைத்துப் பாருங்கள். ஓரியூர் என்றால் 1693இல் அங்கே கொல்லப்பட்ட அருளானந்தர், போர்த்துக்கல்லில் பிறந்தவர். இடைக்காட்டூர் என்றால் பிரெஞ்சுப் பாணியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோயில். கண்ணில் படுவதெல்லாம் கப்பலில் வந்தவர்களின் கட்டடங்களாக இருக்கும்போது, “ஆமாம்” என்ற பதில் தானாக வாயில் வந்துவிடுகிறது.

அந்தப் பையன் உட்காரவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, “அப்ப நீங்க எல்லாம் ஐநூறு வருசத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தவுக” என்றான். வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளையின் அப்பா இங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவர்கள் குடும்பம் எந்தக் கப்பலையும் கண்டதில்லை. அவள் பெஞ்சைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் “அமைதி, அமைதி” என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். எனக்கு உறுத்தியது அந்த “அமைதி”தான். பையன் கேட்டது வரலாற்றுக் கேள்வி. அதற்கு நான் சொன்னது தவறு. அந்தத் தவறுக்கு வகுப்பில் ஒரு பிள்ளை விலை கொடுத்தாள்.

பிறகுதான் தேடிப் படித்தேன். கி.பி. 849இல் வெட்டப்பட்ட செப்புப் பட்டயங்கள் இருக்கின்றன. தரிசாப்பள்ளிப் பட்டயம் என்றும் கொல்லம் செப்பேடு என்றும் சொல்கிறார்கள். சேர மன்னன் ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொடுத்தது. குரக்கேணிக் கொல்லம் என்ற துறைமுகத்தில் மருவான் சபீர் ஈசோ என்ற வணிகர் எழுப்பிய தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்துக்கு நிலமும் ஆட்களும் உரிமைகளும் தரப்படுகின்றன. சபீர் ஈசோ என்ற பெயரில் வரும் ‘ஈசோ’ சிரியாக் மொழியில் இயேசு. ‘தரிசா’ என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். நேரிய சமயநெறியைக் குறிக்கும் சிரியாக் சொல் என்பது ஒன்று. கிறிஸ்தவரைக் குறிக்கும் ‘தர்ஸா’ என்ற பாரசீகச் சொல் என்பது மற்றொன்று.

849 என்றதும் நம் பாடப்புத்தகக் காலக்கோட்டில் வைத்துப் பாருங்கள். விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்ததை ஏறத்தாழ 850 என்று எழுதிப் போடுகிறோம் அல்லவா, அதே காலம்தான். காஞ்சியில் மூன்றாம் நந்திவர்மன். மதுரையில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். தஞ்சைப் பெரிய கோயில் எழ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. வாஸ்கோடகாமா வர இன்னும் 649 ஆண்டுகள் இருந்தன. இந்தக் கழித்தல் கணக்கைக் கரும்பலகையில் அந்தப் பையனைக் கொண்டே போடச் சொன்னேன்.

பட்டயத்தின் எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி அன்றைய மேலைக்கரையின் மொழி. மலையாள நண்பர்கள் பழைய மலையாளம் என்பார்கள், நமக்கோ காதில் தமிழாகவே விழும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. தேவாலயத்தைக் குறிக்க அதில் வரும் சொல் ‘பள்ளி’. ஆசிரியர்களாகிய நாம் நிற்க வேண்டிய இடம் இது.

‘பள்ளி’ வரும் சொற்களை எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், திருச்சிராப்பள்ளி, பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி என்று வந்தன. ஒருவன் பள்ளத்தூர் என்றான், அது பள்ளத்திலிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருந்தது. ஒருத்தி சுவரைக் காட்டிப் ‘பல்லி’ என்றாள், அதையும் சேர்த்துச் சிரித்தோம். பிறகு சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி என்பதைச் சொன்னேன். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்று நம் கல்வெட்டுகள் சொல்கின்றன. சித்தன்னவாசலுக்குப் போய் வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகளைப் பார்த்தவர்களுக்குப் படுக்கைக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு உடனே விளங்கியது. சமணர், பௌத்தர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று நான்கு சமயத்தாரின் இடத்துக்கும் தமிழில் ஒரே சொல் வழங்கியிருக்கிறது. கேரளத்தில் இன்றும் தேவாலயமும் மசூதியும் பள்ளிதான். நம் பக்கத்தில் அது மசூதியோடும் நம் பெயர்ப்பலகையோடும் நின்றுவிட்டது. ‘அரசு உயர்நிலைப் பள்ளி’ என்ற பலகைக்குக் கீழே தினமும் நுழைகிறோம், ஒருநாளும் அதை அண்ணாந்து பார்த்து யோசித்ததில்லை.

இனி பட்டயத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மாணவர்களுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நகரத்தின் எடை, அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பு இந்தத் தேவாலயத்துக்குத் தரப்பட்டிருந்தது. துறைமுகத்தில் மிளகு நிறுக்கிறார்கள். தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் மீது ஊரே நம்பிக்கை வைக்க வேண்டும். இதைப் புதுவயல் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. இது அரிசி ஆலைகளின் ஊர். நெல் லாரி எடைமேடையில் ஏறும்போது வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே எண்ணை முறைத்துப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். “அப்ப சாமி வீட்டுலதான் எடைமேடை இருந்துச்சா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட ஈழவர்களிடம் சில வரிகளை வாங்கக்கூடாது என்றும் பட்டயம் விலக்குத் தருகிறது. அதில் தலைக்காணம், ஏணிக்காணம் என்ற பெயர்கள் வருகின்றன. ஏணிக்காணம் என்பது மரம் ஏறுகிறவரின் ஏணிக்குப் போட்ட வரி. பனையேறியின் பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த ஒரு சொல்லே ஒரு பாடவேளைக்குப் போதும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்காத பகுதியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பட்டயத்தைப் பாராட்டுவது நேர்மையாகாது. நிலத்தோடு குடிகளும் கொடுக்கப்படுகிறார்கள். ஈழவர் குடிகள், வண்ணார் குடி, தச்சர், வெள்ளாளர் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறது. “ஆளுகளையுமா எழுதிக் குடுத்தாக?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நம் பக்கத்துக் கோயில்களுக்கும் அந்தக் காலத்தில் அப்படி ஆட்கள் கொடுக்கப்பட்டதைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒரு சமயத்தாரின் ஆவணத்தில் மட்டும் அதைக் காட்டினால் நான் வேறொரு தவறைச் செய்தவளாவேன். அன்று வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அந்தப் பேசாமை நான் முன்பு அதட்டி வாங்கிய அமைதியைப் போல இல்லை.

பள்ளியின் உரிமைகளைக் காக்க அறுநூற்றுவரும் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பொறுப்பேற்கின்றன. அஞ்சுவண்ணம் மேற்கிலிருந்து கடல்வழி வந்த வணிகரின் குழு. மணிக்கிராமம் நம் வணிகர் குழு. புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகே இருக்கிற கொடும்பாளூர் மணிக்கிராமத்தாரைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அதே 9ஆம் நூற்றாண்டில் தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு குளம் வெட்டி, அதற்கு நந்திவர்மனின் பட்டப்பெயரால் அவனிநாரணம் என்று பெயர் வைத்து, மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாக ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாட்டனும் பூட்டனும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்த கதை இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. கடல் தாண்டி வணிகம் செய்கிறவர் வேற்றூரில் ஒரு கோயில் கட்டிக்கொள்வதும், அந்த ஊர் ஆட்சியாளர் அதற்கு இடம் கொடுப்பதும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமான செய்தி அல்ல. கொல்லத்தில் ஈசோ செய்ததைத்தான் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் தண்டாயுதபாணிக்குச் செய்தார்கள். புதுவயலுக்கு வந்து சேரும் என்றேனே, இங்கேதான்.

பட்டயத்தின் கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது அதுதான். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அவரவர் எழுத்தில் இருக்கின்றன. அரபு மொழியில் கூஃபி எழுத்தில் சிலர், பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஜரதுஷ்டிரர்கள், யூதர்கள். ஒரு தேவாலயத்துக்குச் சேர நாட்டுத் தலைவர் கொடுத்த கொடைக்கு இத்தனை பேர் சாட்சி.

இதை வகுப்பில் எப்படிக் காட்டுவது? வீட்டிலிருந்து ஒரு பத்திரத்தின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். அது சரிப்படவில்லை. மறுநாள் காலையில் ஒரு தாத்தா பள்ளிக்கே வந்து, “எதுக்கும்மா எங்க பத்திரம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறகு எங்கள் வீட்டு மனைப் பத்திரத்தின் நகலையே எடுத்துவந்தேன். எழுதிக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், எல்லை எது, சாட்சி யார், கைரேகை எங்கே என்று கண்டுபிடித்தார்கள். அதே கேள்விகளை 849ஆம் ஆண்டுப் பட்டயத்திடம் கேட்கச் சொன்னேன். கையெழுத்துப் பகுதியின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டினேன். மதரஸாவுக்குப் போகும் ஒரு பையன் கூஃபி வரிகளின் அருகே வெகுநேரம் நின்றான். “எழுத்து எங்க எழுத்து மாதிரிதான் இருக்கு டீச்சர், ஆனா புள்ளியக் காணோம்” என்றான். பழைய கூஃபியில் புள்ளி இடுவதில்லை. நம் பழைய ஓலைகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்று தமிழாசிரியர் வந்து சொன்னார். நான் திட்டமிடாத ஒரு பாடம் அங்கே நடந்தது.

அந்தத் தேவாலயம் எங்கே என்று கேட்பீர்கள். கட்டடம் இல்லை. கொல்லத்தில் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது சீன நாணயங்களும் மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. தரிசாப்பள்ளியின் சுவர் என்று காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. எஞ்சியிருப்பது செம்பு மட்டும். அது இன்று கேரளத்தின் இரு கிறிஸ்தவ சபைகளிடம், கோட்டயத்திலும் திருவல்லாவிலுமாக இருக்கிறது.

கல்லாக எஞ்சியது தமிழ்நாட்டில் இருக்கிறது, சென்னைப் பரங்கிமலையில். 1547இல் மலை உச்சியில் போர்த்துக்கீசியர் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு சிலுவைக்கல் கிடைத்தது. சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. கைகளின் முனைகள் மொட்டுப்போல விரிகின்றன, அடியில் படிகளும் இதழ்களும், மேலே இறங்கி வரும் புறா. இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் மகரங்கள், மகரங்களை இணைக்கும் வளைவு. நம் கோயில்களில் பார்க்கும் மகர தோரணத்தின் உறவுக்காரி என்று நான் சொல்வேன். வளைவைச் சுற்றி ஒரு வரி எழுத்து. இதைப் போன்ற சிலுவைக்கற்கள் கோட்டயம் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில ஊர்களிலும் உள்ளன. இலங்கை அநுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தபோதும் கல்லில் வெட்டிய ஒரு பழைய சிலுவை கிடைத்தது.

பரங்கிமலை எழுத்தை அன்று யாராலும் படிக்க முடியவில்லை. போர்த்துக்கீசியர் கற்றறிந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒவ்வொரு குறியும் ஒரு வாக்கியம் என்று சொல்லி, புனித தோமையாரின் கதை முழுவதையும் அந்தச் சின்னஞ்சிறு வரியிலிருந்து ‘படித்துக்’ காட்டினார். கேட்டவர்களும் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்கள். அவரைக் குறை சொல்ல எனக்குத் தைரியமில்லை. தெரியாத கேள்விக்கு “ஆமாம்ப்பா” என்று சொன்னவள்தானே நானும். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1873இல், தஞ்சாவூர் அரண்மனை நூலகத்துச் சுவடிகளைப் பட்டியலிட்ட பர்னல் என்ற அதிகாரி அது பஹ்லவி எழுத்து என்று எழுதினார். அதன் பின் பல அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். பெயர்களைப் படிப்பதில் வேறுபாடு உண்டு. ஆனால் நம் ஆண்டவராகிய கிறிஸ்து இன்னாருடைய மகன் இன்னார் மீது இரங்க வேண்டும் என்ற வேண்டுதல் என்பது பின்னாளில் படித்தவர்களின் வாசிப்பு. எழுத்தின் வடிவைக் கொண்டு 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் என்று கணிக்கிறார்கள்.

இதைச் சொன்ன மறுநாள் அந்தப் பிள்ளை, பெஞ்சைப் பார்த்துக் குனிந்தவள், தலைநிமிர்ந்து வந்தாள். “டீச்சர், தோமையார் கி.பி. 52லயே வந்துட்டாராம். எங்க பங்குல சொன்னாங்க. போர்டுல எழுதுங்க” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் எழுதிவிடத்தான் தோன்றியது. முதல் தவறு ஐநூறு என்று குறைத்தது. இப்போது அதற்குப் பரிகாரமாக இரண்டாயிரம் என்று கூட்டினால் கணக்கு நேராகுமா?

பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் ‘மக்கள் நம்பி வருவது’, மறுபக்கம் ‘கையில் உள்ள சான்று’. தோமையார் 52இல் வந்தார் என்பதை முதல் கட்டத்தில் எழுதினேன். அந்த நம்பிக்கை பழையது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவே கேட்டு எழுதியது என்பதையும் எழுதினேன். பட்டயம், சிலுவைக்கல் இரண்டும் மறு கட்டத்தில். அவள் யோசித்துவிட்டு, “ரெண்டுலயும் நாங்க இருக்கோம்ல?” என்றாள். இருக்கிறீர்கள் என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு எளிது. ஆனால் முதலில் கேள்வி கேட்ட பையன், “அப்ப நம்ம ஊரு கோயில் டீச்சர்?” என்றான். தலபுராணத்தை முதல் கட்டத்திலும், கல்வெட்டும் கட்டட அமைப்பும் சொல்லும் காலத்தை இரண்டாம் கட்டத்திலும் எழுதினேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போனது. மாலையில் உடன் பணிபுரியும் ஒருவர், “எதுக்கு வம்பு, பாடத்தை மட்டும் நடத்துங்க” என்று அன்போடு சொன்னார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெற்றோர் வந்து கேட்டால் தனியாக நிற்கப் போவது நாம்தான். ஆனால் ஒரு சமயத்துக்கு மட்டும் இரண்டு கட்டம் போட்டு, மற்றதற்கு ஒரே கட்டம் போட்டால், பிள்ளைகள் நம்மைவிட வேகமாக அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் இரண்டு கட்டம் போடுவது, இல்லாவிட்டால் யாருக்கும் போடாமல் இருப்பது. நான் போடுகிறேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. வந்தால் அந்தப் பத்திர நகலையும் பட்டயப் படத்தையும் காட்டிப் பேசுவேன்.

பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ சென்னை போகிறவர்கள் பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ உச்சிவரை போகும். கால் வலிக்காதவர்கள் 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த கற்படிகளில் ஏறலாம். சிலுவைக்கல் பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதிந்திருக்கிறது. வழிபாடு நடக்கிற இடம், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழும்வரை காத்திருந்து பிறகு அருகே போங்கள். நான் போனபோது வளைவில் எழுத்து தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “என்னம்மா தேடுற?” என்றார். எழுத்தைத் தேடுகிறேன் என்றேன். “அது பேர எழுதி வேண்டிக்கிட்டதும்மா, நாங்களும் சீட்டுல எழுதிப் போடுவோம்” என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.